பின்மூடியில் பொறித்த 200 மீட்டர்

12 மீட்டர் ஆழத்தில் நேரம் பார்க்க மணிக்கட்டைத் திருப்பினேன். எண்களைக் காணோம். வாட்ச் கண்ணாடி முழுவதும் வெள்ளித் தகடு ஒட்டினாற்போலப் பளபளத்தது. தண்ணீர் உள்ளே போய்விட்டது, கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தால், ஸ்டாப்வாட்ச் 14 நிமிடத்தைத் தாண்டி எதுவும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

வாட்சில் கோளாறு இல்லை. கண்ணாடிக்கும் டிஸ்ப்ளேக்கும் நடுவே இருப்பது காற்று. தண்ணீருக்குள்ளிருந்து சாய்வாகப் பார்க்கும்போது, சுமார் 48 டிகிரிக்கு மேல் சாய்ந்துவிட்டால், அந்தக் காற்று அடுக்கைத் தாண்டி நம் பார்வை உள்ளே போகாது. கண்ணாடியின் உள்பக்கமே ஆடியாகிவிடும். முழு அக எதிரொளிப்பு என்று பள்ளியில் படித்ததுதான். பரீட்சைக்குப் பிறகு அது எனக்குப் பயன்பட்டது அன்றைக்குத்தான். முள் வாட்சிலும் இதே கதைதான். ஆனால் எல்சிடி டிஸ்ப்ளே சாய்வாகப் பார்த்தால் ஏற்கெனவே மங்கும், அதனால் டிஜிட்டல் வாட்சில் இன்னும் சீக்கிரம் எண்கள் மறையும். கையை நேராகத் தூக்கிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் போதும்.

அவ்வளவு பயந்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் உண்மையாகவே ஒருமுறை தண்ணீர் புகுந்திருந்தது, முழுக்க முழுக்க என் தவறால்.

வாட்ச் சித்தப்பாவுடையது. கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்யும் டைவராக இருந்தவர். எண்பதுகளின் பிற்பகுதியில் வாங்கியது. ஸ்டீல் உடம்பு, கண்ணாடியைச் சுற்றிலும் கறுப்பு ரெசின் சட்டம் (பெசல் என்பார்கள்), நான்கு திருகு போட்ட பின்மூடி. ஆழம் காட்டும் வசதியெல்லாம் கிடையாது. மணி, தேதி, அலாரம், ஸ்டாப்வாட்ச், ஒரு குட்டி லைட், அவ்வளவுதான். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு பிராண்டுச் சண்டையில் போய் முடியும், நான் சொல்ல வந்தது எந்தப் பழைய வாட்சுக்கும் பொருந்தும்.

இவை வந்த காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆறு இலக்கம் காட்டும் எல்சிடி கைக்கடிகாரத்தைச் செய்கோ கொண்டுவந்தது 1973இல். பத்தே வருடத்தில், 1983இல், கேசியோவின் முதல் ஜி-ஷாக் 200 மீட்டர் என்று எழுதிக்கொண்டு வந்தது. 1985இல் சிட்டிசன் அக்வாலேண்ட் மின்னணு உணரி வைத்து ஆழத்தையே அளந்து காட்டியது. எந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று தானே கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் அப்போதுதான் கண்விழித்துக்கொண்டிருந்தது. விலையும் உருவமும் எல்லாரும் தொடும்படி இல்லை. எனவே கையில் கட்டிய வாட்சும், ஆழமானியும், அந்த நிமிடக் கணக்கை அட்டையில் அச்சிட்ட அட்டவணையும்தான் ஒரு டைவரின் கணக்கு. சித்தப்பா போன்றவர்களுக்கு அந்த வாட்ச் அலங்காரப் பொருளாக இருந்ததே இல்லை. ஸ்பானர் மாதிரி ஒரு கருவி.

பெட்டிக்குள் பல வருடம் செத்துக் கிடந்ததை என்னிடம் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தண்ணிக்குள்ள பட்டனை மட்டும் அமுக்கிடாதடா. வெளியிலயே ஸ்டார்ட் பண்ணிட்டு எறங்கு."

பின்மூடியைக் கழற்றியபோது அதன் உள்பக்கத்தில் ஊசியால் கீறிய சின்னச் சின்னத் தேதிகள் மூன்று இருந்தன. திறந்த ஒவ்வொரு முறையும் அவர் கீறி வைத்தவை. வாட்ச் ரிப்பேர் செய்பவர்களிடம் இந்தப் பழக்கம் உண்டு. கடைசித் தேதியைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்: மூடிக்கு அடியில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை யாரும் மாற்றி இருபது வருடம் ஆகியிருந்தது. எனக்கு உறைக்கவில்லை. பேட்டரியை மட்டும் மாற்றினேன்.

பேட்டரி மாற்றும்போதே இரண்டு பாடம். மூடியை விசுக்கென்று தூக்கியதில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு ஸ்பிரிங் எங்கோ போய் விழுந்தது. வாட்ச் ஓடியது, பட்டன் சத்தம் மட்டும் வரவில்லை. அலாரம் ஒலி எழுப்பும் பீசோ தகடு பின்மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். மாட்யூலிலிருந்து, அதாவது வாட்சை ஓட்டும் மின்னணுப் பகுதியிலிருந்து, அதற்கு மின்சாரம் கொண்டுபோவது அந்த ஸ்பிரிங்தான். மேசை விளக்கைத் தரையோடு தரையாகப் பிடித்து, நிழல் விழுகிற இடமாகப் பார்த்துத் தேடி எடுத்தேன். இப்போதெல்லாம் வெள்ளைத் துணி விரித்த தட்டுக்குள் வைத்துத்தான் திறப்பேன். மூடியை நேர் மேலே தூக்குவேன். ஒவ்வொரு படிக்கும் போனில் ஒரு படம்.

இரண்டாவது, புது பேட்டரி போட்டதும் டிஸ்ப்ளேயில் ஏதோ கிறுக்கல்கள் வந்து நின்றுவிட்டன. வாட்ச் போய்விட்டது என்று அரைமணி நேரம் சோகமாக உட்கார்ந்திருந்தேன். பல பழைய மாட்யூல்களில் 'ஏசி' என்று பொறித்த ஒரு சின்னப் புள்ளி இருக்கும். ட்வீசரின் ஒரு காலை அந்தப் புள்ளியிலும் மறுகாலை பேட்டரியின் பாசிட்டிவ் பக்கத்திலும் இரண்டு விநாடி வைத்து எடுத்தால் மாட்யூல் முதலிலிருந்து விழிக்கும். வேறு எந்தச் சமயத்திலும் உலோக ட்வீசரால் பேட்டரியைக் குறுக்காகப் பிடிக்கக் கூடாது, இரண்டு முனையும் ஷார்ட் ஆகிவிடும். பிளாஸ்டிக் ட்வீசர் நல்லது.

பேட்டரியின் எண்ணே அதன் அளவைச் சொல்லிவிடும். சிஆர் 2016 என்றால் விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 1.6, சிஆர் 2025 என்றால் கனம் 2.5. இவை 3 வோல்ட் லித்தியம். சில பழைய வாட்சுகளில் எஸ்ஆர் என்று தொடங்கும் 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு செல் இருக்கும். அதே அளவில் எல்ஆர் என்று அல்கலைன் செல்லும் கிடைக்கும், குழிக்குள் கச்சிதமாக உட்காரும், விலையும் குறைவு. போடாதீர்கள். சில்வர் ஆக்சைடு கடைசிவரை ஒரே வோல்டேஜைத் தந்துவிட்டுச் சட்டென்று தீரும். அல்கலைன் முதல் நாளிலிருந்தே இறங்கிக்கொண்டே வரும், கசியவும் செய்யும். கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு டிஸ்டில்டு வாட்டர், கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். செத்த பேட்டரியை உள்ளேயே விட்டு வாட்சைப் பெட்டியில் போட்டு வைப்பதுதான் பழைய வாட்சுகளின் பெரிய எமன். போட்டுக்கொள்ளாத வாட்ச் என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

இனி அந்தத் தண்ணீர் விவகாரம். பேட்டரி போட்டாயிற்று, ஓடுகிறது, பின்மூடியில் 200 மீட்டர் என்று பொறித்திருக்கிறது. நானோ வெறும் ஸ்நார்க்கெல் போட்டுக்கொண்டு மிதக்கப்போகிறேன், மிஞ்சிப்போனால் இரண்டு மீட்டர். இருநூறில் இரண்டு, என்ன ஆகிவிடப்போகிறது?

கால் மணி நேரத்தில் கண்ணாடிக்குள் ஒரு குமிழி உருண்டது. எல்சிடியின் கீழ்ப்பாதி கறுத்தது. கரைக்கு வருவதற்குள் எண்கள் எதுவும் இல்லை.

ஆழம் குறைவு என்றால் ஆபத்து குறைவு என்ற என் கணக்குத்தான் தவறு. கெட்டுப்போன வளையம் குறைந்த அழுத்தத்தில்தான் எளிதாகக் கசியும். ஆழம் கூடக்கூடத் தண்ணீரே பின்மூடியை உள்நோக்கி அழுத்தும், வளையத்தையும் அதன் பள்ளத்தில் நெருக்கும். நல்ல ஓ-ரிங் (இந்த ரப்பர் வளையம்தான்) அழுத்தத்தை வாங்கித்தான் இன்னும் இறுக்கமாக அடைக்கிறது. மேற்பரப்பில் அந்த உதவி இல்லை. அங்கே வளையத்தின் சொந்த மீள்தன்மை மட்டும்தான் தண்ணீரைத் தடுக்க வேண்டும். இருபது வருடம் நசுங்கிக் கிடந்த ரப்பரில் அது எங்கே இருக்கும்?

கடல் தண்ணீர் புகுந்த வாட்சைக் காப்பாற்ற உங்களுக்குச் சில மணி நேரம்தான் உண்டு. வெயிலில் காய வைப்பது, அரிசிக்குள் புதைப்பது எல்லாம் உப்பை உள்ளேயே உறைய வைக்கிற வேலை. கரையேறியதும் திறந்தேன், முதல் வேலையாகப் பேட்டரியை வெளியே எடுத்தேன். ஈரத்தோடு மின்சாரம் ஓடினால் செம்புத் தடங்களை அரித்துவிடும். மாட்யூலைத் தண்ணீர் பாட்டிலில் முக்கி அலசினேன். ஏற்கெனவே நனைந்துவிட்டதே என்று யோசிக்க வேண்டியதில்லை, உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் ஆயிரம் மடங்கு மேல். வீட்டுக்கு வந்ததும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை, பிறகு சர்க்யூட் பலகையை மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில். எல்சிடியைத் தனியாகக் கழற்றிப் பட்டும் படாமலும் ஒற்றி எடுத்தேன், ஏனென்றால் அதன் மேலும் கீழும் ஒட்டியிருக்கும், ஒளியை வடிகட்டும் போலரைசர் படலத்துக்கு நீண்ட நேரக் குளியல் ஆகாது. இரண்டு நாள் சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் உலர்ந்தது.

பேட்டரியைப் போட்டால் மணி காட்டும் இலக்கம் ஒன்றில் ஒரு கோடு வரவில்லை. 8 என்பது 6 போலத் தெரிந்தது. எல்சிடியையும் சர்க்யூட்டையும் இணைப்பது கம்பிகள் இல்லை. கறுப்பும் வெளிறியதுமாக வரிவரியாக இருக்கும் ஒரு ரப்பர் பட்டை. அதனாலேயே அதற்கு ஸீப்ரா ஸ்ட்ரிப் என்று பெயர். கறுப்பு வரிகள் மின்சாரம் கடத்தும். அதன் விளிம்பில் துளி உப்போ விரல் எண்ணெயோ இருந்தால் அந்தக் கோடு மட்டும் செத்துப்போகும். பட்டையின் இரு விளிம்பையும், அது உட்காரும் தடங்களையும் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒருமுறை துடைத்ததில் 8 திரும்பி வந்தது. கோடு விடுபடுகிறது, அல்லது அழுத்திப் பிடித்தால் வருகிறது என்றால் டிஸ்ப்ளே போய்விட்டது என்று யாரும் தூக்கிப்போட வேண்டாம். பெரும்பாலும் இந்தப் பட்டைதான்.

அதற்குப் பிறகுதான் ரப்பர் வளையங்களைப் பற்றி ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். ரிப்பேர் கடையில் வாஷர் என்பார்கள். பழைய வளையத்தை எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள்: உருண்டையாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டு ரிப்பன் மாதிரித் தட்டையாகியிருந்தால் அதன் காலம் முடிந்தது. விரலில் மை மாதிரி ஒட்டினாலும், வளைத்தால் வெடிப்புத் தெரிந்தாலும் அப்படியே. புதியது வாங்கும்போது பழைய வளையத்தை அளக்காதீர்கள், அது இழுபட்டும் நசுங்கியும் இருக்கும். வாட்சில் இருக்கும் பள்ளத்தின் விட்டம், அகலம், ஆழம் மூன்றையும் டிஜிட்டல் காலிப்பரால் அளந்து, பள்ளத்திலிருந்து சற்றே மேலே துருத்துகிற கனத்தில் நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் வாங்குங்கள். துருத்தாவிட்டால் அடைக்காது. அதிகம் துருத்தினால் மூடி உட்காரும்போது வளையம் பிதுங்கி வெட்டுப்படும். பள்ளத்தில் துரு இருந்தால் எந்த வளையமும் உதவாது. குச்சி முனையில் பஞ்சு சுற்றிச் சுத்தம் செய்த பிறகுதான் போட வேண்டும்.

கிரீஸ் விஷயத்தில் எல்லாரும் தாராளமாக இருந்துவிடுகிறார்கள். கிரீஸ் தண்ணீரை அடைப்பதில்லை. ரப்பர் வழுக்கி உட்காரவும் காய்ந்துபோகாமல் இருக்கவும்தான் அது. நைட்ரைல் வளையத்துக்குச் சிலிகான் கிரீஸ், இரண்டு விரல் நடுவே உருட்டினால் லேசாக மினுங்குகிற அளவு போதும். அதிகம் போட்டால் தூசியையும் முடியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்; ஒற்றை முடி போதும், தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். வளையமே சிலிகான் ரப்பரில் செய்தது என்றால் சிலிகான் கிரீஸ் கூடாது, உப்பிவிடும்.

திருகுகளை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். மூடியின் உலோகம் உடம்பின் உலோகத்தைத் தொட்டதும் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் முறுக்குவதால் வளையம் இன்னும் நசுங்கப்போவதில்லை, மரை மட்டும்தான் போகும். மொத்த மூடியையும் திருகிச் சாத்துகிற வாட்ச் என்றால் கதை கொஞ்சம் வேறு: மூடி சுழலும்போது வளையத்தையும் இழுத்துக்கொண்டு போகும், அதனால் அங்கே அந்தக் கிரீஸ் மினுமினுப்பு கட்டாயம்.

பட்டன்களைப் பலர் மறந்தே போகிறார்கள். பின்மூடி வளையம் ஒன்றுதான், பட்டன்களோ நான்கு. ஒவ்வொரு பட்டனின் தண்டிலும் கடுகைவிடச் சின்ன ஓ-ரிங்குகள் உண்டு. பின்மூடி வளையம் அசையாமல் கிடக்கிறது. பட்டன் வளையமோ நாம் அமுக்கும்போதெல்லாம் உரசுகிறது. தண்டில் உப்புப் படிகம் இருந்தால் அது உப்புத்தாள் வேலை செய்யும். எனவே முதலில் தேய்வது இதுதான். கழற்றுவதற்கு, உள்பக்கத்தில் தண்டைப் பிடித்து நிறுத்தும் ஒரு சிறு கிளிப்பை எடுக்க வேண்டும். ஈ-கிளிப் என்று பெயர். பெயருக்கு ஏற்றபடி பறந்துவிடும். கையையும் வாட்சையும் பெரிய கண்ணாடிப் பையொன்றுக்குள் விட்டுக்கொண்டு கழற்றினால் பறந்தாலும் பைக்குள்தான் விழும். என் முதல் மூன்று கிளிப்புகள் எங்கே இருக்கின்றன என்று இன்றுவரை தெரியாது.

பின்மூடியில் பொறித்திருக்கும் 200 மீட்டர் என்ன சொல்கிறது? தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்று, புது ரப்பரோடு, அசையாமல் 20 பார் அழுத்தத்தை, அதாவது 200 மீட்டர் தண்ணீரின் அழுத்தத்தை, தாங்கியது என்கிறது. அவ்வளவே. டைவ் வாட்சுகளுக்கான ஐஎஸ்ஓ 6425 என்ற தர விதி 1982இல் வந்தது. 'டைவர்ஸ்' என்ற சொல்லைப் பொறிக்க வேண்டுமானால் அந்த விதிப்படி எழுதிய ஆழத்தைவிடக் கால் பங்கு கூடுதல் அழுத்தம், உப்புத் தண்ணீரில் ஊறல், இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து படிக்க முடிவது என்று பல சோதனைகளைத் தாண்ட வேண்டும். வெறுமனே 'வாட்டர் ரெசிஸ்ட் 200' என்று போட்டிருப்பது வேறு. ஜி-ஷாக்கிலேயே 1993இல் ஃபிராக்மேன் என்ற மாடல் வந்தபோதுதான் இந்த விதிக்கு உட்பட்ட டைவ் வாட்ச் அந்த வரிசையில் முதல்முறை வந்தது. சித்தப்பாவின் வாட்சில் அந்தச் சொல் இல்லை. இருந்திருந்தாலும் முப்பது வருடம் கழித்து அது எந்த உத்தரவாதமும் தராது. எழுத்து எஃகில் இருக்கிறது, ஆழமோ ரப்பரில் இருக்கிறது.

நான் வருடத்துக்கு ஒருமுறை, தண்ணீரில் இறங்கும் காலத்துக்கு முன், வீட்டில் செய்யும் சோதனை அந்த விதியிலிருந்து எடுத்ததுதான். வாட்சை 40 முதல் 45 டிகிரிச் சூட்டில், வெந்நீர் நிரப்பிய பாத்திரத்தின் மூடி மேல், சூடு உள்ளே ஏறும்வரை வைப்பேன். பிறகு கண்ணாடி மேல் சாதாரணத் தண்ணீர் ஒரு சொட்டு. ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டுப் பார்த்தால், சொட்டு இருந்த இடத்தில் உள்பக்கம் பனி படர்ந்திருக்கக் கூடாது. படர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

ஆனால் பனி என்றாலே கசிவு என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ஈரப்பதம் அதிகமுள்ள நாளில் மூடியிருந்தால் அந்தக் காற்றே உள்ளே மாட்டிக்கொள்ளும். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும், 20 டிகிரியில் 17 கிராம்தான். மிச்சம் எங்கே போகும்? குளிர்ந்த கண்ணாடியில் ஒட்டும். அதனால் கடைசி மூடலுக்கு முன் மாட்யூல், உடம்பு, மூடி எல்லாவற்றையும் பிரித்து சிலிகா ஜெல் டப்பாவில் ஒரு இரவு வைத்துவிட்டு, ஏசி ஓடும் வறண்ட அறையில் சட்டென்று மூடுவேன். அப்படி மூடிய பிறகும், சில நாள் போட்டுக்கொண்ட பிறகு, பனி வந்தால்தான் கசிவு. பனி ஏதாவது ஒரு பட்டன் பக்கம் முதலில் வருகிறதா என்று பார்த்தால் குற்றவாளியும் தெரிந்துவிடும்.

அடுத்தது அழுத்தச் சோதனை. அக்ரிலிக் உருளையில் பாதி தண்ணீர் நிரப்பி, வாட்சைத் தண்ணீருக்கு மேலே காற்றில் தொங்கவிட்டு, பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றிச் சில நிமிடம் வைக்க வேண்டும். வளையம் ஓட்டை என்றால் காற்று உள்ளே போயிருக்கும். பிறகு வாட்சைத் தண்ணீரில் முக்கி அழுத்தத்தை மெதுவாக இறக்கினால், உள்ளே போன காற்று குமிழிகளாக வெளியே வரும், எந்த இடத்திலிருந்து என்றும் தெரியும். குமிழியைக் கண்டால் உடனே வாட்சைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டு, அதன் பிறகே மிச்ச அழுத்தத்தை விட வேண்டும். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றால் காற்று வெளியேறிய வழியிலேயே தண்ணீர் உள்ளே போகும். நான் பயன்படுத்தும் உருளை 6 பார் வரை போகும். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையான 40 மீட்டருக்கு மேற்பரப்பைவிட 4 பார்தான் கூடுதல் என்பதால் எனக்கு அது தாராளம். சொந்தமாக உருளை வேண்டும் என்பதில்லை. அழுத்தச் சோதனைக் கருவி வைத்திருக்கும் கடையில் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் "பேட்டரி மாத்தியாச்சு, தண்ணியில போடலாம்" என்று வாயால் மட்டும் சொல்லும் கடையை நம்பாதீர்கள். ஒருமுறை அப்படி வாங்கிவந்து வீட்டில் திறந்து பார்த்தேன், வளையம் பள்ளத்துக்கு வெளியே ஒரு ஓரமாகப் பிதுங்கிக் கிடந்தது.

தண்ணீருக்குள் பயன்படுத்துவதைப் பொறுத்தவரை சித்தப்பாவின் ஒற்றை விதி போதும்: படகிலேயே ஸ்டாப்வாட்சை ஓடவிட்டுவிட்டு இறங்குவது. மேலே வந்து துடைத்த பிறகு நிறுத்துவது. குதிக்கும் முன் வீணாகிற ஓரிரு நிமிடத்தைக் கழித்துக்கொள்ளலாம். சில பழைய மாட்யூல்களில் ஸ்டாப்வாட்ச் ஒரு மணி நேரத்தோடு திரும்பச் சுழியத்துக்கு வந்துவிடும், வாங்கியதும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்து வையுங்கள். டைவிங் உடையான வெட்சூட்டின் கைவிளிம்போ கையுறையோ பட்டனைத் தானே அமுக்கிவிடுவதும் உண்டு. எனக்கு ஒருமுறை 9 நிமிடத்திலேயே நேரம் உறைந்து நின்றது. அதிலிருந்து வாட்சை வெட்சூட்டின் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளிக் கட்டுகிறேன்.

வெட்சூட்டுக்கு மேலே கட்டினால் இன்னொன்று: ஆழத்தில் அதன் நியோப்ரீன் ரப்பர் நசுங்கி மெலியும், மேலே இறுக்கமாக இருந்த ஸ்ட்ராப் கீழே வளையல் மாதிரி ஆடும். 1975இல் செய்கோ தன் 600 மீட்டர் டைவ் வாட்சுக்கு ஸ்ட்ராப்பில் மடிப்பு மடிப்பாக அலை வைத்தது இதற்காகத்தான்; இழுத்துக் கட்டினால் மடிப்பு விரியும், சூட் மெலிந்ததும் தானே சுருங்கும். அலங்காரம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் ஸ்பிரிங் பின்களை வருடம் தவறாமல் மாற்றிவிடுங்கள், அற்ப விலை.

பழைய ஸ்ட்ராப்களில் சிலவற்றில் 'என்.டி. லிமிட்ஸ்' என்று, மேலே வரும் வழியில் நிறுத்தம் தேவைப்படாமல் எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் ஓர் அட்டவணை அச்சிட்டிருக்கும். 60 அடிக்கு 60 நிமிடம், 100 அடிக்கு 25 நிமிடம் என்று போகும். அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணை அது. பார்க்க அழகாக இருக்கிறது, நானும் அப்படி ஒன்றை வைத்திருக்கிறேன். அதை நம்பி டைவ் செய்யக் கூடாது. கடற்படையே அந்த அட்டவணையைத் திருத்திவிட்டது. அன்று முழுவதும் ஒரே ஆழத்தில் ஒரே முறை இறங்கும் ஆளுக்கான கணக்கு அது. இரண்டாவது டைவுக்கு அது எதுவும் சொல்லாது. ஒரு கையில் டைவ் கம்ப்யூட்டர், மறு கையில் இந்த வாட்ச் என்றுதான் நான் இறங்குகிறேன். கம்ப்யூட்டர் செத்துவிட்டால் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று தெரிந்துகொண்டு மேலே வர வாட்ச். அதற்கு மேல் அதன் தலையில் பொறுப்பைச் சுமத்துவதில்லை.

மேலே வந்ததும் நல்ல தண்ணீரில் அரைமணி ஊற வைத்து, பட்டன் இடுக்குகளை மென்மையான டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துணியில் ஒற்றி உலர்த்துவேன். பட்டன்களை அமுக்கிப் பார்ப்பது உலர்ந்த பிறகுதான். வெந்நீர்க் குளியலுக்கும் நீராவிக்கும் இந்த வாட்சோடு போகவே வேண்டாம். சூட்டில் விரிந்து குளிரில் சுருங்குவதும் சோப்பும் சேர்ந்தால் கடலைவிட மோசம்.

டிஸ்ப்ளேக்குச் சூடுதான் எதிரி. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் எண்களின் பின்னணியே கறுத்துப்போகும். ஆறியதும் பெரும்பாலும் திரும்பிவிடும், அடிக்கடி நடந்தால் திரும்பாது. குளிரில் எண்கள் சோம்பேறித்தனமாக மாறும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓரத்திலிருந்து மை கொட்டினாற்போல ஒரு கறை பரவினால் எல்சிடியின் சீலே உடைந்துவிட்டது, அதற்கு மருந்தில்லை. உதிரி வாட்சிலிருந்து எடுத்துப் போடுவதுதான். பழுப்பேறி மங்குவது போலரைசர் படலத்தின் வயசு. அதைத் தனியாக மாற்றலாம். பொறுமை இருந்தால். எனக்கு ஒன்றில் வந்தது, இன்னொன்றில் கண்ணாடி மூலை உடைந்தது.

லைட்டைப் பற்றி நிறையச் சொல்ல ஏதுமில்லை. ஓரத்தில் ஒரு கடுகளவு பல்பு, மணியில் பாதியைக் காட்டும், நிமிடத்தை ஊகிக்க வேண்டும். ஆனால் அது நல்ல பேட்டரி மீட்டர். லைட்டை அமுக்கும்போது எண்கள் மங்கினால் செல் மாற்ற வேண்டிய நேரம்.

ரெசின் பெசல் ஒருநாள் கையோடு உதிர்ந்தது. பயன்படுத்தாமல் பத்திரமாக வைத்தாலும் உதிரும். காற்றில் இருக்கும் ஈரமே பாலியூரித்தேன் என்ற அந்த ரெசினின் இணைப்புகளைத் துண்டித்துவிடுகிறது. வியர்வை, சன்ஸ்கிரீன், கொசு விரட்டி எல்லாம் அதை விரைவாக்கும். பழைய வாட்ச் வாங்குகிறவர்கள் பெசலை வளைத்துப் பார்க்காதீர்கள், அந்தச் சோதனையிலேயே அது போய்விடும். மாற்றுப் பெசல் கிடைக்குமா என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். எனக்குக் கிடைக்கவில்லை. பெசல் இல்லாமலே கட்டுகிறேன். வெறும் ஸ்டீலும் திருகுகளுமாக, சட்டை கழற்றிய பயில்வான் மாதிரி இருக்கிறது.

நேரம் மாதம் 20 விநாடி முன்னே ஓடிக்கொண்டிருந்தது. விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்துக்கும் வயசாகும். மாட்யூலில் வேகத்தைச் சரிசெய்யும் திருகு போன்ற டிரிம்மர் இருந்தால் முடியளவு திருப்பி, இரண்டு வாரம் காத்திருந்து, மறுபடி திருப்ப வேண்டும். மூன்று சுற்றில் மாதம் 3 விநாடிக்குக் கொண்டுவந்துவிட்டேன். இதற்காகவே தனியாகத் திறக்காதீர்கள், வளையம் மாற்றும்போது சேர்த்துச் செய்யுங்கள். வருடம் கேட்காத பழைய வாட்சுகளுக்குப் பிப்ரவரி எப்போதும் 28தான். நான்கு வருடத்துக்கு ஒருமுறை கையால் 29 வைப்பதில் எனக்கு ஏனோ ஒரு சந்தோஷம்.

சித்தப்பாவின் மூன்று கீறலுக்குக் கீழே இப்போது என்னுடையவை நான்கு. தேதியோடு என்ன மாற்றினேன் என்பதையும் ஒற்றை எழுத்தாகக் கீறுகிறேன்: வளையத்துக்கு 'வ', பேட்டரிக்கு 'பே', பட்டனுக்கு 'ப'. இந்த வருடம் சொட்டுச் சோதனையில் வலது கீழ்ப் பட்டன் ஓரமாகப் பிறை வடிவில் லேசாகப் பனி வந்தது. அழுத்த உருளையிலும் அதே இடத்தில் மூன்று குமிழி. அந்தப் பட்டனின் ஓ-ரிங் வந்து சேரும்வரை வாட்ச் மேசை மேல்தான். சித்தப்பாவிடம் சொன்னேன். "கீழ்ப் பட்டனா? அதுதான் எனக்கும் எப்பவும் போகும்" என்றார்.